இறங்காத கவளம்

எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு உணவூட்டும்போது சொல்லித்தரும் முதற்பாடம், களியை மெல்லக்கூடாது என்பது. கேழ்வரகு மாவைக் கொதிக்கும் உலையில் கொட்டித் துடுப்பால் கிண்டி, ஈரக்கையால் உருட்டித் தட்டில் வைத்து, உருண்டையின் நடுவே குழி செய்து கீரைக் கடைசலையோ கொள்ளுக் குழம்பையோ ஊற்றுவார்கள். ஒரு துண்டு கிள்ளிக் குழம்பில் புரட்டி வாயிலிட்டு, அப்படியே விழுங்கிவிடவேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. நாம் களி என்பதைப் பக்கத்து வீட்டார் சங்கட்டி என்பார்கள், எதிர்வீட்டார் முத்தே என்பார்கள். விழுங்கும் முறையில் மட்டும் மூன்று வீட்டாருக்கும் வேறுபாடு இல்லை.

அந்தக் களியை விழுங்க இயலாமற்போன ஒருவரைப் பற்றியே இங்கு எழுத நினைக்கிறோம். அவர் எங்கள் அண்ணன். இக்கட்டுரை முழுவதும் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். கட்டுரையாளர்கள் பணிவுக்காகக் கொள்ளும் பன்மையன்று இது. அம்மா, தம்பியாகிய நாம், நம் மனைவி என்று வீட்டில் இருந்த அனைவரும் சேர்ந்தே அவருக்கும் அண்ணிக்கும் ஒரு பிழையைச் செய்தோம். அதை ஒருமையில் எழுதினால் பொய்யாகிவிடும்.

அண்ணன் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பிறகு ஐ.டி.ஐ.யில் கடைசல் பயின்றார். 1980 முதல் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் ஓசூருக்கு ஒவ்வொன்றாக வந்ததையொட்டி, சிப்காட் வளாகத்திலும் அதைச் சுற்றியும் உதிரிபாகப் பட்டறைகள் பெருகின. அவற்றுள் ஒன்றில் அண்ணன் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. ராயக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து நாம் கல்லூரிக்குப் போனதும், முதுகலையில் தமிழ் படித்ததும், இன்று விரிவுரையாளராக இருப்பதும் அவருடைய இரவு ஷிப்டுகளின் பயன். இதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

*

எப்போது தொடங்கியது என்று உறுதியாகச் சொல்ல அவராலேயே இயலவில்லை. 2018ஆம் ஆண்டின் ஆடி மாதம், ஊர்த் திருவிழாவில் கறிச்சோறு நெஞ்சில் நின்றுவிட்டதாக அவருக்கு நினைவு. தண்ணீர் குடித்து, நிமிர்ந்து, தோள்களைப் பின்னுக்குத் தள்ளிச் சற்று நடந்ததும் இறங்கியது. பிறகு மாதத்திற்கொருமுறை, வாரத்திற்கொருமுறை, நாள்தோறும் என்றாயிற்று. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர் தேவைப்பட்டது. பட்டறையில் உணவு இடைவேளை அரைமணி நேரம். அவருக்கு ஒரு வேளை உணவுக்கு முக்கால்மணி ஆயிற்று. ஆகவே கேண்டீனை விட்டுவிட்டு, பொருட்கிடங்கின் பின்னே நின்றுகொண்டு தனியாகச் சாப்பிடத் தொடங்கினார். பின்னர் அதையும் நிறுத்திவிட்டு மோரும் இளநீருமாகப் பொழுதைக் கடத்தினார். ஆனால் மோரும் சில நாள் நெஞ்சிலேயே நின்றது.

இவை எவையும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவை வேறு. கல்யாண வீடுகளில் பந்திக்கு அழைத்தால் "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பார். அம்மா வீட்டுக்கு வந்தால் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். பெரிய ஊரில் இருப்பவருக்கு நம் வீட்டுச் சாப்பாடு இறங்கவில்லை போலும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். 'இறங்கவில்லை' என்ற சொல்லை அன்று இகழ்ச்சியாகவே சொன்னோம். அது நேர்ப்பொருளிலேயே உண்மை என்பது நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

2020இல் ஊரடங்கு வந்து எல்லோரும் ஒரே வீட்டில் அடைபட்டபோது மறைக்க வழியில்லாமற்போயிற்று. இரவில் படுத்தால் இருமல். காலையில் தலையணை நனைந்திருக்கும். முந்தைய நாள் உண்ட சோற்றுப்பருக்கை அப்படியே கிடக்கும். புளிப்போ கசப்போ இல்லாமல், வயிற்றை எட்டாத சோறு. இருமலுக்காகச் சளியைச் சோதித்தார்கள். காசநோய் இல்லை என்றார்கள். நெஞ்செரிச்சல் என்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு ஆண்டுகள் விழுங்கினார். அல்லது விழுங்க முயன்றார். அறுபத்தெட்டுக் கிலோ இருந்தவர் நாற்பத்தொன்பதுக்கு வந்தார். ஒரு மருத்துவர், இது மனக்கவலை, வேலையைப் பற்றி அதிகம் யோசிக்கிறீர்கள் என்றார். எங்களுக்கும் அதுவே வசதியான விளக்கமாக இருந்தது.

அம்மாவுக்கு வேறு விளக்கம் இருந்தது. யாரோ இடுமருந்து வைத்துவிட்டார்கள் என்றார். இச்சொல் எங்கள் பக்கத்து வாசகர்களுக்குப் புதிதன்று. வசியத்துக்காகவோ கெடுதிக்காகவோ சோற்றில் கலந்து கொடுக்கப்படும் ஒன்று வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும் என்பது நம்பிக்கை. அதை எடுப்பதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். 'யாரோ' என்று தொடங்கிய பேச்சு சில வாரங்களில் ஓர் ஆளைச் சுட்டத் தொடங்கிற்று. சோறு போடுபவர் யார்? அண்ணிதானே? அம்மா அதை வெளிப்படையாகச் சொன்னதில்லை. அண்ணி போட்ட தட்டை வாங்கி வைத்துவிட்டு, மகனுக்குத் தானே வேறு தட்டில் போட ஆரம்பித்தார். அவ்வளவே போதுமானதாக இருந்தது.

நாம் என்ன செய்தோம் என்பதையும் எழுதவேண்டும். பல ஆண்டுகளுக்குமுன் ஒரு கருத்தரங்கில் நாட்டார் மருத்துவ நம்பிக்கைகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தவர் நாம். இடுமருந்தைக் குறித்து அதில் இரண்டு பக்கங்கள் உண்டு. வீட்டில் அமர்ந்துகொண்டு அதே பேச்சைக் கேட்டபோது, ஏதோ தரவு சேகரிப்பவரைப்போல் வாய்மூடி இருந்தோம். அம்மாவின் மனம் புண்படும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அண்ணியின் மனத்தைப் பற்றி யோசித்ததாக நினைவில்லை.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எல்லைக்கு அப்பால் ஒரு கிராமத்துக்கு அண்ணனை அழைத்துப்போனோம். வண்டியை ஓட்டியவர் நாமே. பச்சிலைச் சாற்றைக் குடிக்கவைத்து, சற்று நேரத்தில் வாந்தி எடுக்கவைத்தார்கள். நார் நாராக, பச்சையும் கருப்புமாக ஒரு கட்டி வந்து விழுந்தது. "இதோ பாருங்கள், மருந்து" என்று கன்னடத்தில் சொல்லி, குச்சியால் புரட்டிக் காட்டினார் அந்த மனிதர். அம்மா அழுதார். எங்களுக்கும் உடல் சிலிர்த்தது. அண்ணி சற்றுத் தொலைவில் புளியமரத்தின் கீழ் நின்றிருந்தார். யாரும் அவரை அருகில் கூப்பிடவில்லை.

இன்று எங்களுக்கு அக்கட்டி என்னவென்று தெரியும். இரண்டு நாளைக்குமுன் அண்ணன் உண்ட முருங்கைக்கீரையும் களியும். வயிற்றுக்கு இறங்காமல் நெஞ்சுக்குள்ளேயே தங்கி ஊறிக் கிடந்த உணவு. வாந்தி எடுக்கவைத்தபோது அதில் ஒரு பகுதி மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. மறுநாள் இரவு காய்ச்சல் ஏறியது. மூன்றாம் நாள் நுரையீரல் அழற்சியென்று மருத்துவமனையில் சேர்த்தோம்.

*

அங்கே பணியில் இருந்தவர் முப்பது வயதைத் தாண்டாத ஒரு பெண் மருத்துவர். மார்பு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். நுரையீரலைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் கேட்டது வேறு.

"அண்ணா, சோறு மட்டுந்தான் நிக்குதா, தண்ணி குடிச்சாலும் நிக்குதுங்களா?"

"தண்ணியும் நிக்குதுங்க."

"மொதல்ல இருந்தேவா?"

"மொதல்ல இருந்தே அப்படித்தாங்க."

இந்தக் கேள்வியை நான்கு ஆண்டுகளில் யாரும் கேட்டிருக்கவில்லை, நாங்கள் உட்பட. பின்னர் அவர் விளக்கினார். உணவுக்குழாயில் புற்று வளர்ந்து பாதையை அடைத்தால் முதலில் கெட்டி உணவு சிக்கும், அப்புறம் குழைந்த உணவு, கடைசியில்தான் தண்ணீர். சோறும் தண்ணீரும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து நின்றால் குழாயின் இயக்கத்தில் கோளாறு இருக்கலாம். எக்ஸ்ரேயில் இதயத்தின் பின்னால் அகன்ற நிழல் ஒன்று தெரிந்தது. இரைப்பையின் மேற்புறம் வழக்கமாகத் தெரியும் காற்றுக்குமிழி காணப்படவில்லை. "இதுக்கு அக்கலேசியான்னு பேருங்க. அபூர்வமானது. ஆனா வைத்தியம் இருக்கு" என்றார்.

அக்கலேசியா என்பது கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். தளராமை என்று பொருள். விழுங்குதல் விசித்திரமான செயல். கவளத்தைத் தொண்டைவரை தள்ளுவது நம் விருப்பத்தில் நடக்கிறது. அதற்குக் கீழே, ஏறத்தாழ இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாயில் நடப்பது எதுவும் நம் வசம் இல்லை. குழாயின் தசை அலையலையாகச் சுருங்கிக் கவளத்தைக் கீழே தள்ளும். கடைவாயிலில் இருக்கும் சுருக்குத் தசை எப்போதும் இறுகியே இருப்பது; விழுங்கும்போது மட்டும் சில விநாடிகள் தளர்ந்து வழிவிடும். தளரச் சொல்லும் நரம்புச் செல்கள் குழாயின் சுவருக்குள்ளேயே இருக்கின்றன. இந்நோயில் அவை மெல்ல மெல்ல அழிந்துபோகின்றன. பெரும்பாலோரிடம் ஏன் என்பது தெரியவில்லை. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் நரம்பையே தாக்குவதாக ஐயம் உண்டு. அலையும் நின்று, வாயிலும் திறக்காமல், உணவு குழாய்க்குள் தேங்கித் தேங்கிக் குழாய் அகன்றுவிடுகிறது. ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குப் புதிதாக வரும் நோய். நெஞ்செரிச்சல் என்றும் மனக்கோளாறு என்றும் இந்நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கப்படுவது உலகெங்கும் பதிவாகியிருக்கிறது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போது ஓரிடம் வரும். உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான அடிசில் என்ற பெயரோடு 'உண்டார்' என்றோ 'தின்றார்' என்றோ ஒன்றற்கே உரிய வினையைச் சேர்க்கலாகாது. 'அயின்றார்' போன்ற பொதுவினையே தகும் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறோம். உணவு உள்ளே போகும் விதத்தில் இவ்வளவு வேறுபாடுகளைக் கண்ட மொழியைக் கற்பித்துக்கொண்டே, வீட்டில் ஒருவர் சோற்றை எப்படி உண்கிறார், நீரை எப்படிப் பருகுகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

*

காய்ச்சல் தணிந்ததும் அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூருக்குப் போனோம். ஓசூரில் இருப்பவர்களுக்குப் பெரிய நோய் என்றால் பெங்களூர் என்பது பழக்கம், நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் அந்த எல்லையைக் கடக்கும்போது கையிலிருக்கும் அட்டைகளை எண்ணிப்பார்க்கவேண்டியிருக்கிறது. இ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு 2017ஆம் ஆண்டு முதல் மாதம் 21,000 ரூபாயாக இருந்தது. அண்ணனின் சம்பளம் அதைச் சில நூறு ரூபாய் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கான வருமான வரம்பையும் அவர் கடந்தவர். இரண்டு வேலிகளுக்கும் வெளியே, செலவழிக்கும் அளவுக்குப் பணமும் இல்லாமல் நிற்கும் தொழிலாளர்கள் எங்கள் ஊரில் ஏராளம்.

சோதனைகள் மூன்று. பேரியம் கலந்த வெள்ளைக் குழம்பைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். மேலே பானைபோல் அகன்று கீழே பறவையின் அலகுபோல் கூர்ந்து முடிந்தது குழாய். உள்நோக்கிக் குழாயைச் செலுத்திப் புற்று இல்லை என்று உறுதிசெய்தார்கள். பின்பு மூக்கு வழியாக அழுத்தமானிக் குழாயைச் செருகி, ஐந்து மில்லிலிட்டர் தண்ணீரைப் பத்துமுறை விழுங்கச் சொன்னார்கள். ஒவ்வொரு விழுங்கலுக்கும் கணினித் திரையில் வண்ணப்பட்டை தோன்றும். இயல்பானவர்களுக்கு அலை சரிந்து இறங்குவதும் வாயில் திறப்பதும் அதில் தெரியுமாம். அண்ணனின் திரையில் அலை இல்லை. வாயிலின் அழுத்தமும் பத்துமுறையும் தணியவில்லை. அண்ணி அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமல், "பார்த்துக்குங்க தம்பி. சோத்துல ஒண்ணுமில்ல" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர அதுவரையிலும் அதன்பிறகும் அவர் எங்களைக் குறைசொன்னதில்லை.

*

வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கினோம். தமிழாசிரியர் மருத்துவம் படிப்பது வேடிக்கைதான். ஆயினும் இந்நோயின் வரலாறு ஒரு நாவலுக்குரியதாக இருந்தது. 1674இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். திமிங்கில எலும்பிலிருந்து ஒரு கோல் செய்து, நுனியில் கடற்பஞ்சைக் கட்டிக் கொடுத்தார். அம்மனிதர் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் அக்கோலைத் தொண்டைக்குள் செலுத்தி உணவை இரைப்பைக்குள் தள்ளிப் பல ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். அண்ணனிடம் இதைச் சொன்னோம். "எனக்கும் அப்படி ஒண்ணு கெடச்சிருந்தா அன்னைக்கே தள்ளியிருப்பேன்டா" என்றார்.

1913இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் ஹெல்லர், வயிற்றைத் திறந்து, இறுகிய தசையை வெளிப்புறத்திலிருந்து நீளவாக்கில் கீறிவிட்டார். உள்தோல் அப்படியே இருக்க, அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்த தசை மட்டும் விலகியது. இன்றுவரை எல்லா வைத்தியத்துக்கும் அதுவே கருத்தடிப்படை. நரம்பை மீட்க வழியில்லை. ஆகவே திறக்க மறுக்கும் கதவின் தாழை அறுத்துவிடுவது. 1990களில் அதே அறுவையைச் சிறு துளைகளின் வழியாகச் செய்யத் தொடங்கினார்கள். இதற்கிடையே பலூனை உள்ளே விரித்துத் தசையைக் கிழிக்கும் முறையும் இருந்துவந்தது.

வெளியிலிருந்து உள்ளே போகாமல் வாய் வழியாகவே போய் அத்தசையை வெட்டமுடியுமா? இந்திய வம்சாவளி மருத்துவரான பங்கஜ் பஸ்ரிசா அமெரிக்காவில் தம் குழுவினரோடு பன்றிகளில் இதைச் செய்துபார்த்து 2007இல் வெளியிட்டார். ஜப்பானின் யோகோஹாமாவில் ஹாருஹிரோ இனோவே 2008 செப்டம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு முழுமையாகச் செய்தார். 17 பேருக்குச் செய்த முடிவுகளை 2010இல் எழுதினார். அவர் வைத்த பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து 'போயம்' என்றாயின. ஆங்கிலத்தில் அது கவிதையைக் குறிக்கும் சொல். தமிழ்த்துறையில் இருப்பவருக்கு இது எத்தகைய மயக்கத்தைத் தரும் என்று நண்பர்கள் ஊகிக்கலாம். அதில் அதிகம் தோய்ந்துவிட வேண்டாம் என்று மனைவி எச்சரித்ததால் நகர்கிறோம்.

இந்தியாவுக்கும் அம்முறை விரைவிலேயே வந்துவிட்டது. ஐதராபாத்திலுள்ள ஆசிய இரைப்பைக் குடலியல் நிறுவனத்தில் நாகேஸ்வர ரெட்டி குழுவினர் 408 நோயாளிகளுக்குச் செய்த அனுபவத்தை 2017இல் வெளியிட்டார்கள். 2019இல் ஐரோப்பாவில் 221 பேரிடம் நடந்த ஒப்பீட்டாய்வு வந்தது. இரண்டாண்டு முடிவில் போயம் செய்துகொண்டவர்களில் 83 சதவீதத்தினரும் ஹெல்லர் அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 82 சதவீதத்தினரும் நலமாக இருந்தார்கள். அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வில் பலூன் முறைக்கு 54 சதவீதமும் போயத்துக்கு 92 சதவீதமும் வெற்றி. ஆனால் ஒரு குறையும் உண்டு. தாழை அறுத்தபின் கதவு இருபுறமும் திறந்தே கிடக்கும். இரைப்பையின் அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அந்த ஐரோப்பிய ஆய்வில் இரண்டாண்டு முடிவில் அப்புண் போயத்தில் 44 சதவீதத்தினருக்கும், அமிலத்தைத் தடுக்கும் தையலையும் சேர்த்துச் செய்யும் ஹெல்லர் அறுவையில் 29 சதவீதத்தினருக்கும் காணப்பட்டது.

மருத்துவர் இவற்றையெல்லாம் மறைக்காமல் சொல்லி, முடிவை அண்ணனிடமே விட்டார். அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை நாள்ல வேலைக்குப் போலாங்க?" வயிற்றில் துளையிடாத முறை என்பதால் போயத்தைத் தேர்ந்தெடுத்தார். செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. அண்ணி வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். நாங்கள் கொடுத்ததும் உண்டு. ஆனால் முதலில் கொடுத்தவர் அவர்.

*

2022 ஜூலையில் நடந்தது. இரண்டு நாள் திரவ உணவு மட்டும். குழாயில் தேங்கியிருந்ததை உறிஞ்சிச் சுத்தம் செய்தார்கள். முழு மயக்கம். அதன்பின் உள்ளே நடந்ததை மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். நெஞ்சின் நடுப்பகுதியில் உணவுக்குழாயின் உள்தோலை ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் கீறுகிறார்கள். நீலச் சாயம் கலந்த உப்புநீரைச் செலுத்தி உள்தோலைத் தசையிலிருந்து பிரிக்கிறார்கள். பிரிந்த இடைவெளியில் உள்நோக்கி நுழைந்து, இரைப்பையின் தொடக்கம்வரை ஒரு சுரங்கம் அமைக்கிறது. அச்சுரங்கத்துக்குள் இருந்தபடியே வட்டத் தசையை மின்கத்தியால் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிவிட்டு, வெளியேறும்போது நுழைந்த வாயிலைச் சிறு உலோகக் கவ்விகளால் மூடுகிறார்கள். சுரங்க வாயிலும் தசையை வெட்டிய இடமும் தள்ளித்தள்ளி இருப்பதால், உணவோ காற்றோ மார்புக்குள் கசியாமல் உள்தோல் காக்கிறது. வெளித்தோலில் ஒரு கீறல்கூடக் கிடையாது. ஒன்றரை மணிநேரம் ஆயிற்று.

மறுநாள் மருந்துக் கரைசலைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள், கசிவு இல்லை. அதன்பின் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். அண்ணன் வழக்கம்போல் நிமிர்ந்து, தோள்களைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு மிடறு குடித்துவிட்டுக் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். இரண்டாம் மிடறு குடித்தார். அப்புறம் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "போயிடுச்சுடா" என்றார். எது போயிற்று என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

*

இப்போது மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. விழுங்கும் சிரமம், எதுக்களித்தல், நெஞ்சுவலி, எடைக்குறைவு என்ற நான்கிற்கும் சேர்த்துப் பன்னிரண்டு மதிப்பெண் போடும் ஒரு கணக்கு மருத்துவர்களிடம் இருக்கிறது. மதிப்பெண் குறைந்தால் நலம். அண்ணன் பத்திலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறார். அறுபத்துமூன்று கிலோ இருக்கிறார். ஆயினும் நோய் நீங்கிவிட்டது என்று சொல்வது சரியாகாது. அழிந்த நரம்பு அழிந்ததுதான். குழாயில் அலை திரும்பவில்லை. அவருடைய உணவு இன்று தன் எடையாலேயே கீழே இறங்குகிறது. ஆகவே நிமிர்ந்து உட்கார்ந்து உண்ணவேண்டும், இடையிடையே தண்ணீர் குடிக்கவேண்டும், உண்டவுடன் படுக்கக்கூடாது. கட்டிலின் தலைப்பக்கம் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார். அமிலத்துக்கு மாத்திரை உண்டு. குறிப்பிட்ட கால இடைவெளியில் உள்நோக்கிச் சோதனைக்குப் போய்வருகிறார்.

அப்புறம், எதையும் நன்றாக மென்றுதான் உண்ணவேண்டும். களியையும்.

சென்ற ஆடியில் ஊர்த் திருவிழாவுக்கு அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். அண்ணி அந்த வீட்டுக்கு வந்தது நீண்ட இடைவெளிக்குப் பிறகு. கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். அம்மா களி உருண்டையை வைத்துக் குழம்பு ஊற்றினார். அண்ணன் ஒரு துண்டைக் கிள்ளி வாயிலிட்டு மெல்லத் தொடங்கினார். அம்மாவின் வாய் பழக்கத்தில், "மெல்லாத..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் மென்றுகொண்டே இருந்தார்.

அம்மா இன்றுவரை அண்ணியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்பதற்குரிய சொல் தொண்டைவரை வந்து நிற்கிறது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் காரணம் வெறும் கோழைத்தனந்தான். இக்கட்டுரையை அண்ணி படிக்கப்போவதில்லை. ஆகவே இதை எழுதியது கேட்டதற்கு ஈடாகாது என்பதும் தெரிந்தே இருக்கிறது.

அன்று மற்றவர்கள் உண்டு முடித்து வெகுநேரமாயிற்று. அண்ணன் தட்டில் பாதி உருண்டை மீதமிருந்தது. வரிசையில் ஒருவர் உண்டுகொண்டிருக்கும்போது மற்றவர்கள் எழக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கையில் குழம்பு காய்ந்து இறுகும்வரை எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணி அவருடைய தம்ளரில் மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்.